தேர்ச்சி விழுக்காட்டை எங்கிருந்து எண்ணுகிறீர்கள்?

தமிழ்நாடு பள்ளிக் கல்வித்துறைச் செயலர், அரசுத் தேர்வுகள் இயக்குநர் ஆகியோருக்கு,

வணக்கம்.

அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பணியில் இருந்தபோது இப்படியொரு மடலைப் பொதுவில் எழுதியிருந்தால் ஒழுங்கு நடவடிக்கைக்கான 17(பி) குறிப்பாணை வீடு தேடி வந்திருக்கும். இப்போது அந்தக் கவலை இல்லை.

பிளஸ் ஒன் பொதுத்தேர்வை 2025-26 கல்வியாண்டிலிருந்து நிறுத்தியிருக்கிறீர்கள். நல்ல முடிவு. பத்து, பிளஸ் ஒன், பிளஸ் டூ என்று மூன்று வருஷமும் வரிசையாகப் பப்ளிக் எழுத வைத்தது அதிகம்தான். அதுவும் பிளஸ் ஒன் மதிப்பெண் கல்லூரிச் சேர்க்கைக்கு வேண்டாம் என்று 2018இல் அறிவித்த பிறகு, தவறினால் அரியர், தேறினால் ஒன்றுமில்லை என்கிற விசித்திரமான தேர்வாக அது ஆகிவிட்டது. ஆனால் 2017இல் அதைக் கொண்டுவந்தபோது சொன்ன காரணம் பொய்யல்ல. எத்தனையோ தனியார் பள்ளிகள் பிளஸ் ஒன் புத்தகத்தை ஓரங்கட்டிவிட்டு, இரண்டு வருஷமும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்தன. அப்படி வந்த பிள்ளைகள் பொறியியல் முதலாண்டில் கணக்குத் தாளைப் பார்த்து முழி பிதுங்கினார்கள். அந்தப் பழக்கம் திரும்பி வராமல் இருக்க என்ன ஏற்பாடு என்று நீங்கள் சொல்ல வேண்டும். பிளஸ் டூ வினாத்தாளில் பிளஸ் ஒன் பாடத்தைத் தொட்டுக் கேட்கும் வினாக்கள் சில இருந்தாலே பாதி வேலை முடிந்துவிடும் என்பது என் எண்ணம். அது இருக்கட்டும். நான் எழுத வந்தது வேறு விஷயம்.

ஒவ்வொரு மே மாதமும் ஒரு விழுக்காட்டை அறிவிக்கிறீர்கள். 2025இல் பிளஸ் டூ 95.03, பத்தாம் வகுப்பு 93.80. அமைச்சர் வாசிக்கிறார், தொலைக்காட்சியில் ஓடுகிறது, போன வருஷத்தைவிட எவ்வளவு கூடியது என்று ஒரு கட்டம் போட்டுக் காட்டுகிறார்கள். இந்த எண் எதை எதால் வகுத்து வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. தேறியவர்கள் தொகுதி (பின்னத்தின் மேல் எண்), தேர்வு எழுதியவர்கள் பகுதி (கீழே வகுக்கும் எண்). ஹால் டிக்கெட் வந்தும் எழுத வராத பிள்ளை பகுதியில் இல்லை. தேர்வு எழுதுவோர் பட்டியலான நாமினல் ரோலில் பெயரே ஏறாத பிள்ளை இல்லை. ஒன்பதாம் வகுப்போடு நின்றுபோன பிள்ளையைப் பற்றிப் பேச்சே இல்லை.

ஒரே கூட்டத்துப் பிள்ளைகளைத் தாளில் பின்தொடர்ந்து பார்த்தேன். எல்லாம் நீங்கள் வெளியிட்ட எண்கள்தான். 2023இல் பத்தாம் வகுப்பு எழுதியவர்கள் 9,14,320. தேறியவர்கள் 8,35,614. அடுத்த வருஷம், 2024இல், பிளஸ் ஒன் எழுதியவர்கள் 8,11,172. அதற்கடுத்து 2025இல் பிளஸ் டூ எழுதியவர்கள் 7,92,494, தேறியவர்கள் 7,53,142. கடைசி எண்ணை அதற்கு முந்தைய எண்ணால் வகுத்தால் உங்கள் 95.03 வருகிறது. அதே கடைசி எண்ணை முதல் எண்ணால் வகுத்தால் 82 சொச்சம்தான் வருகிறது.

இது துல்லியக் கணக்கு என்று நான் சொல்ல மாட்டேன். பத்து முடித்து பாலிடெக்னிக்கும் ஐ.டி.ஐ.யும் போனவர்கள் அந்த இடைவெளியில் இருக்கிறார்கள். அவர்கள் படிப்பை விட்டவர்கள் அல்ல. சி.பி.எஸ்.இ.க்குப் போனவர்களும் உண்டு, அங்கிருந்து இங்கே வந்தவர்களும் உண்டு. துணைத்தேர்வில் தேறி உள்ளே நுழைந்தவர்களும் இருக்கிறார்கள். ஆக, சரியான எண் 82க்கு மேலும் இருக்கலாம், கீழும் இருக்கலாம். என் புகாரே அதுதான். ஒரு பென்ஷன்காரன் பத்திரிகைச் செய்தியை வைத்துக்கொண்டு குத்துமதிப்பாகப் போட வேண்டிய கணக்கா இது? ஒவ்வொரு பிள்ளைக்கும் எமிஸ் எண் (கல்வித்துறையின் இணையத் தகவல் பதிவேட்டு எண்) கொடுத்திருக்கிறீர்கள். புத்தகம் வாங்கியதா, சீருடை வாங்கியதா, சைக்கிள் வாங்கியதா என்று எல்லாவற்றையும் ஏற்றச் சொல்லி, பாடம் நடத்த வேண்டிய நேரத்தில் ஆசிரியர்களைச் செல்போனும் கையுமாக உட்கார வைத்தீர்கள். நெட் கிடைக்காமல் மாடிப்படியில் நின்று வருகைப்பதிவு போட்டவர்களில் நானும் ஒருவன். அவ்வளவு தரவும் உங்களிடம் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் இருந்த பிள்ளை நான்கு வருஷம் கழித்து எங்கே இருக்கிறது என்பதை மட்டும் அந்தத் தரவிலிருந்து எடுத்து நீங்கள் வெளியிடுவதில்லை.

இது வெறும் எண் விளையாட்டு அல்ல. பகுதியில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் பள்ளிக்கூடம் நடந்துகொள்கிறது. அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் மீளாய்வுக் கூட்டம் வரும். மூன்று பாடத்துக்கு மேல் தவறியவர்கள் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அதிகாரி தலைமையாசிரியரிடம் கேட்பார்: “இந்தப் பத்துப் பேரை என்ன செய்யப் போறீங்க?” யாரும் யாரையும் நீக்கச் சொல்வதில்லை. எழுத்தில் எதுவும் இருக்காது. தலைமையாசிரியருக்கு இரண்டு வழி. சாயங்காலம் ஆறரை மணி வரை அந்தப் பத்துப் பேரை உட்கார வைத்துத் தேற்றுவது ஒன்று. பெரும்பாலானவர்கள் இதைத்தான் செய்கிறார்கள், தேநீருக்கும் பிஸ்கட்டுக்கும் சொந்தக் காசு போட்டுச் செய்கிறார்கள், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். இன்னொன்று, ஒன்பதாம் வகுப்பிலேயே பெற்றோரைக் கூப்பிட்டு, “உங்க பையனுக்குப் படிப்பு ஏறலம்மா, டி.சி. வாங்கிட்டுப் போய் பிரைவேட்டா எழுதட்டும்” என்று பக்குவமாகச் சொல்வது. கட்டட வேலைக்குப் போகிற அம்மாவுக்கு அதை எதிர்த்துப் பேசத் தெரியாது. தலையாட்டிவிட்டுப் போவார். பையன் தனித்தேர்வராக எழுதினானா என்பதை அப்புறம் யாரும் பார்ப்பதில்லை. பள்ளிக்கு நூறு விழுக்காடு வந்துவிடும், பாராட்டுச் சான்றிதழும் வரும்.

தனியார் பள்ளிகளில் இது இன்னும் பச்சையாக நடக்கிறது. அங்கே கழித்துவிடும் பிள்ளை பக்கத்து அரசுப் பள்ளிக்குத்தான் வருகிறது. பத்தாம் வகுப்பில் ஜூன் மாதம் வந்து சேரும். ஒன்பது மாதத்தில் தேற்ற வேண்டும். தேறாவிட்டால் கெட்ட பெயர் எங்களுக்கு. பிறகு இரண்டு விழுக்காட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அரசுப் பள்ளி பின்தங்கியது என்று எழுதுவார்கள்.

2023 மார்ச்சில் என்ன நடந்தது என்பதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பிளஸ் டூ தமிழ்த் தேர்வன்று 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வரவில்லை. கொரோனா காலத்தில் தேர்வில்லாமல் பத்தாம் வகுப்பைக் கடந்த கூட்டம் அது. பெயர் மட்டும் பதிவேட்டில் தொடர்ந்தது. பிள்ளைகளில் பலர் வேலைக்குப் போயிருந்தார்கள், சில பெண்களுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. நாடே பேசியது. நீங்களும் பள்ளி மேலாண்மைக் குழுக்களைக் கூட்டி, வீடு வீடாகப் போய், துணைத்தேர்வுக்காவது கூட்டி வரச் சொன்னீர்கள். நல்ல வேலை. ஆனால் மே மாதம் வந்தபோது பிளஸ் டூ தேர்ச்சி 94.03 விழுக்காடு என்று வழக்கம்போல அறிவித்தீர்கள். அந்த 50 ஆயிரம் பேர் பகுதியில் இல்லை. இதிலிருந்து கீழே இருப்பவர்கள் என்ன பாடம் கற்றிருப்பார்கள்? வராத பிள்ளையின் பெயர் பட்டியலில் இருந்தால் தலைப்புச் செய்தி, பட்டியலில் இல்லாவிட்டால் பிரச்சினையே இல்லை என்பதைத்தான்.

இனி, தேறியவர்கள் கதைக்கு வருகிறேன். பத்தாம் வகுப்புக் கணக்குத் தாள் உங்களுக்குத் தெரியும். ஒரு மதிப்பெண் வினா 14. இரண்டு மதிப்பெண்ணில் பத்து, ஐந்து மதிப்பெண்ணில் பத்து எழுத வேண்டும். கடைசியில் எட்டு மதிப்பெண் இரண்டு: செய்முறை வடிவியல் ஒன்று, வரைபடம் ஒன்று. மெல்லக் கற்கும் பிள்ளைக்கு நாங்கள் தயாரிக்கும் மினிமம் மெட்டீரியல் இந்த அமைப்பின் மேல்தான் நிற்கிறது. வடிவொத்த முக்கோணமும் தொடுகோடும் வரைந்து வரைந்து பழக்கிவிட்டால் 8. இருபடி வரைபடம் 8. புத்தகத்தின் பின்பக்க ஒரு மதிப்பெண் வினாக்களை விடை எழுத்தோடு மனப்பாடம் செய்தால் பாதிக்கு மேல் கிடைக்கும். மிச்சத்துக்கு உறவுகளும் சார்புகளும் பாடத்தில் இரண்டு கணக்கு. 35 வந்துவிடும். இந்த வித்தையில் நான் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கியவன். பக்கத்துப் பள்ளிக்கெல்லாம் போய் வகுப்பு எடுத்திருக்கிறேன். ஆனால் அந்தப் பையன் வரைந்த வளைவரை எக்ஸ் அச்சை வெட்டும் இடத்துக்கும் சமன்பாட்டின் தீர்வுக்கும் என்ன தொடர்பு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சொல்லித்தர எனக்கு நேரம் இல்லை; அந்த நேரத்தில் இன்னொரு தொடுகோடு போட வைப்பேன். 35 எடுத்தவன் பிளஸ் ஒன் போகிறான். அங்கே அவனைக் காப்பாற்ற எட்டு மதிப்பெண் படம் எதுவும் இல்லை. மேலே சொன்ன எண்களில் பத்துக்கும் பிளஸ் டூவுக்கும் நடுவே காணாமல் போகிறவர்களில் இவனும் இருப்பான் என்பது என் சந்தேகம்.

இதற்காகத் தேர்ச்சி மதிப்பெண்ணை 50 ஆக்குங்கள் என்று ஒருபோதும் சொல்ல மாட்டேன். அப்படிக் கேட்பவர்கள் எல்லாம் தங்கள் பிள்ளைகளை நல்ல பள்ளியில் சேர்த்துவிட்டவர்கள். 35 இருக்கட்டும். ஐந்து பாடத்தில் ஒன்றில் தவறினாலும் ஃபெயில் என்று ஆகிவிடும் பிள்ளைக்கு ஜூலையில் துணைத்தேர்வு வைக்கிறீர்களே, அது அருமையான ஏற்பாடு. ஆனால் அதில் தேறினால் மே மாத விழுக்காட்டில் சேராது. அதனால் பள்ளிக்கு அதில் அக்கறை குறைவு. ஜூனில் எல்லாரும் அடுத்த பேட்ச்சுக்கு நகர்ந்துவிடுகிறார்கள். துணைத்தேர்வையும் சேர்த்து ஆகஸ்டில் இன்னொரு முறை விழுக்காடு அறிவித்துப் பாருங்கள். ஏப்ரலில் தவறிய பிள்ளையை மே மாத வெயிலில் வீட்டுக்கே போய் ஆசிரியர்கள் கூட்டி வருவார்கள்.

அறிவிப்பை மாற்றினால் நடத்தை மாறும் என்பதற்கு வெளியிலிருந்து சான்று தேட வேண்டாம், நீங்களே செய்து காட்டியிருக்கிறீர்கள். 2017இல் மாநில முதல் மூன்று இடங்களை அறிவிப்பதை நிறுத்தினீர்கள். அதுவரை மே மாதம் முழுக்க லட்டு ஊட்டும் படங்களாக இருந்தன பத்திரிகைகள். ஒரே அரசாணையில் அது அடங்கியது. (பள்ளி வாசல் ஃபிளெக்ஸ் போர்டுகள் அடங்கவில்லை. அதற்கு நீங்கள் மட்டும் என்ன செய்வீர்கள்.) ஆனால் மாணவனுக்குப் போட்ட வரிசையை நிறுத்திவிட்டு மாவட்டத்துக்குப் போட்ட வரிசையை வைத்துக்கொண்டீர்கள். 2025இல் பத்தாம் வகுப்பில் சிவகங்கை முதலிடம், 98.31, பிளஸ் டூவில் அரியலூர், 98.82. அந்த மாவட்டங்களின் உழைப்பை நான் குறை சொல்லவில்லை. கடைசி ஐந்தில் வரும் மாவட்டத்து முதன்மைக் கல்வி அலுவலருக்கு அடுத்த வாரம் சென்னையிலிருந்து வரும் போன்தான், ஒரு மாதத்தில் எங்கள் எச்.எம். மேசைக்கு வந்து, கடைசியில் அந்தக் கட்டட வேலைக்காரம்மாவின் கையில் டி.சி.யாகப் போய் நிற்கிறது.

என் கோரிக்கை சின்னது. தேர்வு முடிவு அறிக்கையில் இன்னும் ஓர் அட்டவணை சேருங்கள். அந்தக் கூட்டம் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது எத்தனை பேர். அவர்களில் பத்து எழுதியவர்கள், துணைத்தேர்வும் சேர்த்துத் தேறியவர்கள் எத்தனை பேர். மீதிப் பேரில் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக், வேறு வாரியம், வேறு மாநிலம், வேலை, திருமணம் என்று எங்கெங்கே இருக்கிறார்கள். எவ்வளவு பேரைப் பற்றித் தகவலே இல்லை. பிளஸ் டூவுக்கும் இதேபோல. டி.சி. வாங்கிப் போன பிள்ளை வேறு பள்ளியில் சேர்ந்ததாகப் பதிவாகும்வரை, பழைய பள்ளியின் கணக்கிலேயே இருக்கட்டும். இந்த ஒரு விதி போதும், டி.சி. கொடுக்கும் கை கொஞ்சம் தயங்கும். பிளஸ் டூ முடித்துக் கல்லூரி சேராதவர்களை ‘உயர்வுக்குப் படி’ என்று தேடிப் போகிறீர்கள். அதே தேடலை நான்கு வகுப்பு முன்னாலிருந்து தொடங்கச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

இப்படி வெளியிட்டால் விழுக்காடு பார்க்க அசிங்கமாக இருக்கும், எதிர்க்கட்சிகள் பிடித்துக்கொள்ளும் என்று கோப்பில் யாராவது எழுதுவார்கள். எழுதட்டும். முதல் வருஷம் சத்தம் இருக்கும். இந்தியாவில் வேறு எந்த மாநிலத்தையும்விட நம் பிள்ளைகள் அதிகமாக உயர்கல்விக்குப் போகிறார்கள் என்று பெருமையாகச் சொல்கிறோம். அந்தப் பெருமையைக் காப்பாற்றிக்கொள்ளும் அளவுக்கு இந்த மாநிலத்துக்குத் தெம்பு உண்டு. பயமாக இருந்தால் முதல் இரண்டு ஆண்டுக்குப் பள்ளிவாரியாக வேண்டாம், மாவட்டவாரியாக மட்டும் வெளியிடுங்கள். வரிசைப்படுத்தாமல், அகர வரிசையில்.

படிவம் தயாரிக்க ஆள் இல்லை என்றால் சொல்லியனுப்புங்கள். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார்கள் மாவட்டத்துக்கு மாவட்டம் சும்மாதான் இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பட்டதாரி ஆசிரியர் (கணிதம்),
திருவண்ணாமலை மாவட்டம்.