மில்லி இனி வராது

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நான் சுகம். போனில் பேசியபோது "ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு?" என்று கேட்டாய். அப்போது சொல்ல வாய் வரவில்லை. நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்துக்கு வியாழக்கிழமைதோறும் வந்துகொண்டிருந்த மில்லி இறந்துவிட்டது. லாப்ரடார் நாய். வயதாகி, சிறுநீரகம் கெட்டுப்போயிருந்தது.

முதியோர் இல்லத்தில் நாய்க்கு என்ன வேலை என்றுதான் நானும் இங்கிலாந்து வந்த புதிதில் நினைத்தேன். தெரபி நாய் என்கிறார்கள், நோயாளிகளுக்கும் வயதானவர்களுக்கும் ஆறுதலாகக் கூட்டி வரும் நாய். கண் தெரியாதவர்களுக்கு வழி காட்டும் நாய்களுக்குக் கொடுப்பது போன்ற நீண்ட பயிற்சி இதற்கு இல்லை. ஒருவர் வீட்டில் செல்லமாக வளரும் நாய்தான். குணத்தை மட்டும் சோதித்துப் பார்ப்பார்கள்: பக்கத்தில் ஏதாவது தடாலென்று விழுந்தால் மிரள்கிறதா, முரட்டுக் கை பட்டாலும் பொறுத்துக்கொள்கிறதா, தீனியை வெடுக்கென்று பிடுங்காமல் வாங்குகிறதா என்று. தேறிவிட்டால் வளர்ப்பவரே சம்பளம் வாங்காமல் கூட்டி வருவார். பெட்ஸ் ஆஸ் தெரபி என்ற தொண்டு அமைப்பு 1983 முதல் இந்த நாட்டில் இதைச் செய்துவருகிறது. நெடுநாள் நோயாளிக்கு ஒரு சின்ன வளர்ப்புப் பிராணி அருமையான துணை என்று செவிலியர் பணிக்கு முன்னோடியான நைட்டிங்கேல் அம்மையார் 1859-இலேயே எழுதிவிட்டார். அந்த வரிக்கு அர்த்தம் எனக்கு மில்லியைப் பார்த்துத்தான் புரிந்தது.

மறதி நோய் முற்றிய ஒரு பாட்டி இங்கே இருக்கிறார். மகன் வந்தாலே யாரென்று தெரியாது, நாள் முழுக்க ஒரு வார்த்தை பேசமாட்டார். மில்லி வந்து மடியில் தலையை வைத்ததும், சின்ன வயதில் தன் வீட்டில் இருந்த நாயின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். மில்லியும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கும், அக்கா! அப்புறம் அந்த நாய் எங்கே படுக்கும், யாரைக் கண்டால் குரைக்கும் என்று கதை கதையாக வரும். பக்கவாதத்தில் வலது கை விழுந்த தாத்தா ஒருவர், எவ்வளவு கெஞ்சினாலும் அந்தக் கைக்குப் பயிற்சி செய்யமாட்டார். மில்லியின் முதுகை வாரிவிட பிரஷைக் கொடுத்தால் அதே கை மெல்ல எழும்பும். நாங்கள் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருப்போம்.

எனக்கும் அது செய்தது கொஞ்சமில்லை. டிசம்பரில் இங்கே நாலு மணிக்கே இருட்டிவிடும். முதல் குளிர்காலத்தில், ஏன்தான் வந்தோமோ என்று இருந்தது. நான் குறிப்பேடு எழுத உட்காரும்போது மில்லி என் காலடியில் வந்து படுத்துக்கொள்ளும். அதனிடம் தமிழில்தான் பேசுவேன். உங்களிடம் சொன்னால் கவலைப்படுவீர்கள் என்று மறைத்ததெல்லாம் அதற்குத் தெரியும்.

இப்போது பாட்டிதான் "நாய் எங்கே?" என்று கேட்கிறார். இறந்துவிட்டது என்று சொன்னால் ஒவ்வொரு முறையும் புதிதாக அழுவார். "இன்றைக்கு வரவில்லை பாட்டி" என்று சொல்லி, அந்தப் பழைய நாயின் கதையைக் கேட்கிறேன். அது பொய் என்கிறாள் கூட வேலை பார்க்கும் பெண். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒருவரைத் தினமும் புதிதாக அழவைக்கும் உண்மையால் யாருக்கு என்ன லாபம்?

மில்லியை வளர்த்த பெரியவர் வியாழக்கிழமை வருவதை நிறுத்தவில்லை. தனியாகத்தான் வருகிறார். மனைவி போன பிறகு வீட்டில் அவருக்கு இருந்தது மில்லி ஒன்றுதான். போன வாரம் அந்தத் தாத்தா, வராத வலது கையையே நீட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பெரியவருக்கு டீ போட்டுக் கொடுப்பதை நான் என் வேலையாக எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

மில்லியின் படம் ஒன்று இதோடு வைத்திருக்கிறேன். அம்மாவிடமும் காட்டு. உடம்பைப் பார்த்துக்கொள், பதில் போடு.

அன்புடன்,
உன் தங்கை