தோள் வலிக்கும், பயப்படாதீங்க

கர்ப்பப்பையை எடுத்துவிட்டு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து இன்றோடு எட்டு நாள். இருமல் வந்தால் இன்னும் தலையணையை வயிற்றில் அணைத்துக்கொண்டுதான் இருமுகிறேன். சிரிக்க வைக்கிறவர்களைக் கிட்டே சேர்ப்பதில்லை. ரொம்ப நேரம் உட்கார்ந்து எழுதக் கூடாது என்று வீட்டில் உத்தரவு. ஆறப்போட்டால் நன்றி வெறும் சம்பிரதாயமாகிவிடும், அதனால் உத்தரவை மீறி எழுதுகிறேன்.

என்ன நடந்தது, எத்தனை மாதம் இழுத்தது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். பாதிப்பேர் கூடவே அலைந்தவர்கள். பயாப்சி முடிவு நேற்று வந்தது. பயப்பட ஒன்றுமில்லை. இதை மட்டும் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். விஷயம் ஒரு துண்டுச்சீட்டு.

அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள் சாயங்காலம் டாக்டர் வந்தார். படிவங்களில் கையெழுத்தெல்லாம் ஏற்கெனவே வாங்கியாயிற்று, அவர் வந்தே ஆக வேண்டும் என்றில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஒரு தாளில் வயிற்றை வரைந்தார். தொப்புளில் 10 மில்லிமீட்டருக்கு ஒரு துளை, கேமராவுக்கு. கீழே 5 மில்லிமீட்டரில் மூன்று, கருவிகளுக்கு. உள்ளே கார்பன் டை ஆக்சைடு நிரப்பி வயிற்றைக் கூடாரம் மாதிரித் தூக்கி நிறுத்தினால்தான் வேலை செய்ய இடம் கிடைக்கும் என்றார்.

"சாதாரணக் காத்தே அடிக்கலாமே டாக்டர்?" பயத்தில் வந்த கேள்வி. அவர் சிரிக்கவில்லை. உள்ளே மின்சாரத்தால் சுட்டு ரத்தத்தை நிறுத்துவோம், அதற்கு எரியாத வாயு வேண்டும். மிச்சம் இருப்பதும் சீக்கிரம் ரத்தத்தில் கரைந்து மூச்சோடு போய்விட வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார்.

கதவு வரைக்கும் போனவர் திரும்பி வந்தார்.

"ஒண்ணு விட்டுட்டேன். நாளைக்கு ராத்திரி வயித்தைவிட தோள்தான் அதிகமா வலிக்கலாம். இப்ப சொன்னா மயக்கத்துல மறந்துடுவீங்க. எழுதி வெச்சிடறேன்."

எழுதி, பிளாஸ்திரி கிழித்து, கட்டில் கம்பியில் என் கண்ணுக்கு நேராக ஒட்டினார். 'தோள் வலிக்கும், பயப்படாதீங்க. வாயுதான். ரெண்டு மூணு நாள்ல போயிடும். மூச்சு வாங்கினா மட்டும் உடனே மணி அடிங்க.' ஒவ்வோர் எழுத்தும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுதியது போல உருண்டையாக, பெரிதாக. டாக்டர் கையெழுத்தா அது!

மறுநாள் ராத்திரி இரண்டு மணி இருக்கும். வலது தோளில் யாரோ கோணி ஊசியை இறக்கியது போல வலி. வயிற்றில் ஆபரேஷன், தோளில் ஏன் வலிக்கிறது? சரி, இதயம்தான், முடிந்தது கதை என்று நினைத்தேன். தலையைத் திருப்பினால் சீட்டு. படித்தேன். மூச்சை இழுத்துப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. மறுபடி படித்தேன். விடியும்வரை எத்தனை தடவை படித்தேனோ, கணக்கில்லை.

காரணத்தை மறுநாள் ரவுண்ட்ஸில் சொன்னார். மிஞ்சிய வாயு உதரவிதானத்தை, அதாவது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் தசைத் திரையை, உறுத்துகிறது. அதன் நரம்பும் தோளின் நரம்பும் கழுத்தில் ஒரே இடத்திலிருந்து கிளம்புவதால் மூளைக்கு விலாசம் குழம்பிவிடுகிறதாம்.

என் அம்மாவுக்கு வயிற்றைக் கிழித்துத்தான் கர்ப்பப்பையை எடுத்தார்கள். ஒரு சாண் தழும்பு, மாதக்கணக்கில் படுக்கை. எனக்குச் செய்தது போலத் துளை வழியாக, அதாவது லேப்ராஸ்கோப்பியில், கர்ப்பப்பையை எடுக்கலாம் என்று ஹாரி ரீச் என்ற டாக்டர் அமெரிக்காவில் செய்து காட்டியதே 1988-ல்தான் என்று படுத்தபடி படித்தேன். அம்மாவுக்கு அது சில வருடம் பிந்திவிட்டது. ஆனால் தழும்பைவிட அம்மா அதிகம் சொல்லி வருத்தப்பட்டது வேறு: "எது எப்ப வலிக்கும்னு ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லலடி." எனக்கும் எத்தனையோ இடங்களில் கிடைத்த பதில் "பொம்பளைன்னா அப்படித்தான்" என்பதுதான். வரப்போகும் வலியை முன்கூட்டியே யோசித்து, அது வரும் நேரத்துக்குப் பக்கத்தில் ஒரு வார்த்தையை ஒட்டிவைத்த முதல் ஆள் நீங்கள், டாக்டர். உங்கள் கைத்திறமையைப் பற்றி எழுத எனக்குத் தகுதியில்லை. அந்த மூன்று மணி நேரமும் நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். தோளைப் பிடித்து வராந்தாவில் முதல் பத்தடி நடக்கவைத்த நைட் டியூட்டி சிஸ்டர், எண்ணச் சொல்லி நான் ஐந்தைத் தாண்டுவதற்குள் தூங்கவைத்த மயக்க மருந்து டாக்டர், தேவைப்படாமலே போனாலும் ரத்தம் கொடுக்க வந்து காத்திருந்த தம்பியின் நண்பர்கள், என் வேலையையும் சேர்த்துப் பார்த்த அலுவலகத் தோழிகள், பிள்ளைகளை அழைத்துப்போய் வைத்துக்கொண்ட அத்தை. எல்லோருக்கும் கடன்பட்டிருக்கிறேன். பின்னல் போடக் கற்றுக்கொண்ட என் வீட்டுக்காரருக்கும்தான். பின்னல் கோணல், பரவாயில்லை.

இனி யார் இந்த ஆபரேஷனுக்குப் போவதாகக் காதில் விழுந்தாலும் தோளைப் பற்றிச் சொல்லாமல் விடமாட்டேன். டிஸ்சார்ஜ் அன்றே ஆரம்பித்தும்விட்டேன். பக்கத்துக் கட்டில் அக்காவுக்கு மறுநாள் காலை ஆபரேஷன். என் சீட்டைத் தர மனசு வரவில்லை. அப்படியே ஒரு தாளில் பார்த்து எழுதி அவர் கட்டில் கம்பியில் ஒட்டினேன்.

அவர் நிதானமாகப் படித்துவிட்டுக் கேட்டார்: "எந்தத் தோள்னு போடலையே?"

"எனக்கு வலது, அக்கா. உங்களுக்கு எதுன்னு நாளன்னிக்கு போன் பண்ணிக் கேக்கறேன்."

கேட்டேன். ரெண்டும் என்றார்.