ஒரு பங்கு வைத்திருப்பவரும் பொதுக்கூட்டம் கேட்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஊரார் பணம் போட்டுத் தொடங்கிய கம்பெனிகள் பங்குதாரர்களின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தை நடத்தாமல் காலம் கடத்துவதைப் பற்றி குழித்துறை வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். 'இயக்குநர்களாகப் பார்த்துக் கூட்டினால்தான் உண்டு' என்று அவர் முடித்திருந்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

நானும் அப்படியொரு கம்பெனியில் சொற்பப் பங்கு வைத்திருப்பவன்தான். பல வருடங்களாக நோட்டீஸும் இல்லை, பேலன்ஸ் ஷீட்டும் இல்லை. கேட்டால் முதலில் கொரோனா என்றார்கள், இப்போது ஆடிட்டரைக் காட்டுகிறார்கள். கொரோனா சாக்கு செல்லவே செல்லாது. 2019-20 கணக்குக்கான கூட்டத்துக்கு 2020 டிசம்பர் 31 வரை அவகாசம் தரப்பட்டது. வீடியோ வழியாகக் கூட்டம் நடத்த அந்த ஆண்டு மே மாதமே அனுமதியும் வந்துவிட்டது.

2013 கம்பெனிகள் சட்டத்தின் 96-வது பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது. மார்ச்சில் கணக்கு முடிக்கும் கம்பெனி செப்டம்பர் 30-க்குள் கூட்டம் நடத்தியாக வேண்டும். இரண்டு கூட்டங்களுக்கு நடுவே 15 மாதத்துக்கு மேல் போகக் கூடாது. தக்க காரணம் இருந்தால் கம்பெனிகள் பதிவாளர் (கம்பெனிகளைப் பதிவு செய்து கண்காணிக்கும் மத்திய அரசு அதிகாரி) மூன்று மாதம் வரை நீட்டித் தரலாம், அவ்வளவுதான்.

நடத்தாமல் இருப்பதில் யாருக்கு லாபம்? கூட்டம் நடந்தால் தணிக்கை செய்த கணக்கை நம் முன்னால் வைக்க வேண்டும். பப்ளிக் கம்பெனி என்றால் சுழற்சி முறையில் சில இயக்குநர்கள் பதவி விலகி மறுபடி ஓட்டு வாங்க வேண்டும். கூட்டமே இல்லாவிட்டால் ஓட்டுக்கு எங்கே போவது? கூட்டம் நடத்தியிருக்க வேண்டிய கடைசி நாளோடு அந்தப் பதவி முடிகிறது என்று நீதிமன்றங்கள் சொல்லியிருந்தாலும், நாற்காலியில் இருப்பவர் தானாகவா எழுந்து போவார்?

நம் மாவட்டத்தில் இதற்கு ஒரு வழக்கம் இருக்கிறது. திங்கட்கிழமை நாகர்கோவிலுக்கு பஸ் ஏறி கலெக்டர் ஆபீசில் மனு கொடுப்பது. அங்கே ஆகாவிட்டால் கூட்டுறவு அலுவலகம், அப்புறம் போலீஸ் ஸ்டேஷன். ஒரு கம்பெனியின் பொதுக்கூட்டத்தைக் கூட்டச் சொல்லி உத்தரவு போட இவர்கள் யாருக்கும் அதிகாரம் கிடையாது. கம்பெனிகள் பதிவாளருக்குப் புகார் அனுப்பலாம், அனுப்பவும் வேண்டும். 99-வது பிரிவின்படி ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. தவறு தொடர்ந்தால் நாளொன்றுக்கு 5,000 வரை ஏறும். பொறுப்பான அதிகாரிகள் தங்கள் பங்கைக் கட்டட்டும், சரி. கம்பெனி கட்டும் அபராதம் நம் பணம் அல்லவா? அதைக் கட்டிவிட்டு மறுபடியும் கூட்டம் போடாமல் இருந்தால் நமக்கு என்ன கிடைத்தது?

உண்மையில் பலன் தரக்கூடியது 97-வது பிரிவு. இதைப் பற்றித்தான் நம்மூரில் யாரும் பேசுவதில்லை. ஆண்டுக் கூட்டம் நடக்கவில்லை என்றால் உறுப்பினர் எவரும், ஒரே ஒரு பங்கு வைத்திருப்பவர்கூட, தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்தில் மனு போடலாம். நமக்குச் சென்னை அமர்வு. தீர்ப்பாயமே கூட்டத்தைக் கூட்டலாம் அல்லது கூட்டச் சொல்லி உத்தரவிடலாம். ஒரே ஓர் உறுப்பினர் நேரிலோ பிராக்ஸி, அதாவது தன் சார்பில் அனுப்பும் பதிலாள், மூலமோ வந்தாலும் கூட்டம் செல்லும் என்றுகூட அந்த உத்தரவில் சேர்க்கலாம். ஆள் வராமல் பார்த்துக்கொண்டு 'கோரம் (கூட்டம் செல்ல வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கை) இல்லை' என்று கலைக்கும் தந்திரம் அங்கே எடுபடாது.

பத்தில் ஒரு பங்கு மூலதனம் வேண்டும் என்று பலர் நினைப்பது 100-வது பிரிவைப் பார்த்து. அது இயக்குநர்களிடம் சிறப்புக் கூட்டம் கேட்பதற்கான கணக்கு. விவசாயிகளின் உற்பத்தியாளர் கம்பெனியில் இதே சிறப்புக் கூட்டத்துக்கு மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் கையெழுத்துப் போட வேண்டும். தேங்காய், தேன் என்று அத்தகைய கம்பெனிகளில் சேர்ந்தவர்கள் கவனிக்கவும்.

மனுவுக்கு முன்னால் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் நம் கம்பெனியின் கடைசிப் பொதுக்கூட்டம் எந்தத் தேதியில் நடந்ததாகப் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். சில கம்பெனிகளில் கூட்டம் பேப்பரில் மட்டும் ஒழுங்காக நடந்திருக்கும்! செப்டம்பர் 30, காலை 11 மணி, தீர்மானங்கள் ஏகமனதாக நிறைவேறின என்று எழுதியிருப்பார்கள். அப்படியென்றால் வழக்கே வேறு. 119-வது பிரிவின்படி பொதுக்கூட்ட மினிட்ஸ் (நடவடிக்கைக் குறிப்பு) புத்தகத்தை உறுப்பினர் கட்டணமில்லாமல் பார்க்கலாம். நகல் கேட்டால் ஏழு வேலை நாளுக்குள் தர வேண்டும். தர மறுத்தால் அதற்கும் தீர்ப்பாயம் போகலாம். 21 நாள் முன்னறிவிப்பு யார் யாருக்குப் போனது, தபாலில் சேர்த்த ரசீது எங்கே என்றும் கேளுங்கள். பதிவாளரிடம் பொய்யான விவரம் தாக்கல் செய்வது, கூட்டம் நடத்தாததைவிடப் பெரிய குற்றம்.

இன்னொரு சிக்கல் நம் பகுதிக்கே உரியது. விளவங்கோடு, கல்குளம் பக்கம் நிறையப் பங்குகள் இன்னும் மறைந்த தகப்பனார் பேரிலேயே கிடக்கின்றன; பிள்ளைகள் வளைகுடாவிலோ திருவனந்தபுரத்திலோ இருக்கிறார்கள். பதிவேட்டில் பெயர் ஏறாத வாரிசு மனு போட்டால், 'இவர் உறுப்பினரே இல்லை' என்பதுதான் எதிர்த்தரப்பின் முதல் வாதமாக இருக்கும். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று வைத்துப் பெயரை முதலில் மாற்றிக்கொள்வது நல்லது. அதற்கும் கம்பெனி இழுத்தடித்தால் தீர்ப்பாயம் உண்டு.

எங்கள் கம்பெனியில் சிலர் சேர்ந்து 97-வது பிரிவில் மனு போட ஏற்பாடு செய்துவருகிறோம். வக்கீல் முதலில் கேட்டவை இரண்டு: பங்குச் சான்றிதழ் நகல், கூட்டம் நடத்தச் சொல்லி கம்பெனிக்கு நாங்கள் அனுப்பிய பதிவுத் தபாலின் ஒப்புகை அட்டை. மனு போடும் எண்ணம் உள்ளவர்கள் அந்தக் கடிதத்தையாவது இப்போதே அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு சிறு பங்குதாரர்,
மார்த்தாண்டம்.