ஷாஃப்டுக்கும் பின்னுக்கும் ஒரே தோய்ச்சல் (சூடேற்றிக் குளிர்வித்துக் கடினமாக்குவது) கொடுத்தது பற்றிய புகார்

அனுப்புநர்: லேத் பட்டறை உரிமையாளர், யாங்கோன்
பெறுநர்: மேலாளர் அவர்கள், ஹீட் ட்ரீட்மென்ட் பிரிவு

ஐயா,

வணக்கம். நீங்களும் தமிழர் என்பதால் தமிழிலேயே எழுதுகிறேன்.

நவம்பர் 6-ஆம் தேதி காலை பத்தரை மணிக்கு உங்களிடம் மூன்று வகைச் சாமான் இறக்கினேன். பெகு பக்கத்து அரிசி மில் ஒன்றுக்காக நான் கடைந்தவை. 65 மில்லிமீட்டர் விட்டத்தில் ஈஎன் 19 எஃகு ஷாஃப்ட் (சுழல்தண்டு) நான்கு, 20 மில்லிமீட்டர் மைல்டு ஸ்டீல் பின் (இணைப்பு ஆணி) இருபத்து நான்கு, வார்ப்பிரும்பு பேரிங் ஹவுசிங் (பேரிங்கைத் தாங்கும் கூடு) இரண்டு. ஒவ்வொரு கட்டிலும் கம்பியில் சீட்டு கட்டி, என்ன உலோகம், என்ன வேலை என்று என் கையாலேயே எழுதிவிட்டேன். ஷாஃப்டுக்கு ஆயில் ஹார்டனிங், அதாவது சூடேற்றி எண்ணெயில் இறக்கிக் கடினமாக்குவது; பிறகு டெம்பரிங், அதாவது மறுபடி மிதமாகச் சூடாக்கி நொறுங்கும் தன்மையைக் குறைப்பது; கடினம் ராக்வெல் சி அளவில் 30 முதல் 34 வரை. பின்னுக்குக் கேஸ் ஹார்டனிங், அதாவது கார்பன் ஏற்றி மேல்தோலை மட்டும் கடினமாக்குவது, ஒரு மில்லிமீட்டர் ஆழம், மேல்தோல் 60. ஹவுசிங்குக்கு ஸ்ட்ரெஸ் ரிலீவிங் (சூடாக்கி உள்ளிறுக்கம் நீக்குவது) மட்டும்.

ஹவுசிங் இரண்டையும் மறுநாள்தான் தந்தீர்கள். உலைக்குள்ளேயே ஆறவிட்டு எடுத்திருக்கிறார்கள், குறையே இல்லை. ஆனால் ஷாஃப்டும் பின்னும் அன்று மாலை ஐந்து மணிக்கே தயார் என்று போன் வந்தது. எனக்கு அப்போதே உறுத்தியது. 65 மில்லிமீட்டர் கனமுள்ள ஷாஃப்டின் நடுவரை சூடு இறங்க, 25 மில்லிமீட்டருக்கு ஒரு மணி நேரம் என்ற கணக்கில் இரண்டரை மணி நேரம் வேண்டும். எண்ணெயில் இறக்கிய பின் 600 டிகிரியை ஒட்டி டெம்பரிங், அதற்கும் ஏறக்குறைய அவ்வளவு நேரம். பின்னுக்கு ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்குக் கார்பன் இறங்க, 900 டிகிரிக்கு மேல் நாலைந்து மணி நேரமாவது உலையில் நிற்க வேண்டும். உலை சூடேறும் நேரத்தையும் சேர்த்தால் ஆறரை மணி நேரத்தில் இதெல்லாம் எப்படி முடியும்?

மூன்றாம் நாள் கீவே (சாவித்துண்டு உட்காரும் பள்ளம்) ஓரத்தில் அரம் போடலாம் என்று முதல் ஷாஃப்டை எடுத்தேன். அரம் வழுக்கிக்கொண்டு போனது. சந்தேகம் வந்து மண்ணெண்ணெய் தடவி, சிறிது நேரம் ஊறவிட்டு, துணியால் நன்றாகத் துடைத்து, சாக்கட்டியைத் தேய்த்தேன். கீவேயின் உள்மூலையிலிருந்து மயிரிழை போல ஒரு கோடு மெல்ல நனைந்து வெளியே வந்தது, என் விரல் நீளத்துக்கு. நான்கில் மூன்றில் அதே கோடு, அதே மூலையில். தெரிந்தவர் பட்டறையில் கடினம் அளக்கும் மெஷினில் வைத்துப் பார்த்தால் ராக்வெல் சி 53 காட்டுகிறது. 600 டிகிரியை ஒட்டி டெம்பரிங் செய்த ஈஎன் 19 ஷாஃப்டில் அந்த எண் வரவே வராது. ஆக அந்த டெம்பரிங் நடக்கவில்லை. குரோமியமும் மாலிப்டினமும் கலந்த இந்த எஃகு எண்ணெயிலேயே நன்றாகக் கடினமாகும். அதைத் தண்ணீரில் இறக்கினால் மேல்பக்கம் சட்டென்று இறுகிவிடும், உள்பக்கம் பின்னால் மாறி விரியும். அந்த இழுப்பில் கூர்மையான மூலைதான் முதலில் விட்டுக்கொடுக்கும்.

பின்னில் இதற்கு நேர்மாறு. அரம் வைத்தவுடன் கடித்து, சீவல் சுருண்டு விழுகிறது. ஒன்றை ஹேக்ஸாவால் அறுத்தேன், பச்சை இரும்பைப் போலவே அறுந்தது. கேஸ் ஹார்டனிங் ஆன பின்னில் பிளேடு பல் மழுங்கியிருக்கும். இன்னொன்றை முறித்துப் பார்த்தேன். விளிம்பைச் சுற்றி மென்சாம்பல் வளையம் தெரிய வேண்டும், அது இல்லை. மைல்டு ஸ்டீலில் கார்பன் 0.2 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். வெளியிலிருந்து கார்பன் ஏற்றாமல் எத்தனை தடவை சூடாக்கித் தண்ணீரில் போட்டாலும் 60 எங்கிருந்து வரும்?

இரண்டையும் ஒரே கூடையில் வைத்து, ஒரே சூட்டில் ஏற்றி, ஒரே தண்ணீர்த் தொட்டியில் இறக்கியிருக்கிறார்கள். வேறு எப்படி இப்படி வரும் என்று எனக்குத் தெரியவில்லை. போனில் கேட்டபோது உங்கள் ஃபோர்மேன் தம்பி, "எல்லாம் இரும்புதானே அண்ணே, கரன்ட் போறதுக்குள்ள முடிக்கணும்ல" என்றார். கரன்ட் கஷ்டம் எனக்கும் உண்டு. இரண்டு நாள் கழித்துத் தாருங்கள், காத்திருப்பேன். என் தாத்தா பெகுவில் அரிவாள் அடித்தவர். அரிவாளுக்கு ஒரு தோய்ச்சல், உளிக்கு ஒரு தோய்ச்சல் என்று கரித்துண்டு வெளிச்சத்தில் நிறம் பார்த்தே பிரித்தவர். உங்களிடம் சூடு காட்டும் மீட்டர் இருக்கிறது, சீட்டிலும் எழுதித் தந்திருக்கிறேன்.

இதைவிட எனக்கு மனசு ஆறாதது நீங்கள் கொடுத்த சான்றிதழ். ஷாஃப்ட், பின் இரண்டுக்கும் ஒரே தாளில், ஒரே வரியில் "52, சரிபார்க்கப்பட்டது" என்று முத்திரை. ஷாஃப்டில் நான் கேட்டது 34-க்குள். பின்னில் கேட்டது 60. யாராவது பின்னை மெஷினில் வைத்துப் பார்த்திருந்தால் இந்த எண்ணை எழுதியிருக்க முடியாது. அந்தத் தாளை நம்பி ஷாஃப்டை மாட்டியிருந்தால், அறுவடை நெல் வந்து குவியும் நேரத்தில், பெல்ட் ஓடும்போது உடைந்திருக்கும். பக்கத்தில் நின்று மூட்டை பிடிப்பவர்கள் கூலிக்கு வரும் சின்னப் பையன்கள்.

ஹீட் ட்ரீட்மென்ட் கூலியும், நான்கு ஷாஃப்டின் எஃகு விலையும், கடைசல் கூலியும் எனக்குத் திரும்ப வேண்டும். வெடிக்காத நான்காவதையும் நான் மாட்டப் போவதில்லை. மிச்சமுள்ள இருபத்திரண்டு பின்கள் கெடவில்லை. முறையாகக் கார்பரைசிங் (கார்பன் ஏற்றுவது) செய்து, ஹார்டனிங் முடித்து, 180 டிகிரியில் டெம்பரிங் செய்து தந்தால் வாங்கிக்கொள்கிறேன், அறுத்ததும் முறித்ததும் என் கணக்கு. அன்றைய உலைப் பதிவின் நகலும் வேண்டும். அந்தச் சான்றிதழை எழுத்து மூலம் ரத்து செய்யுங்கள். அன்று அதே கூடையில் வேறு யாருடைய சாமானாவது போயிருந்தால், இன்றைக்கே அவர்களுக்குப் போன் செய்து சொல்லிவிடுங்கள்.

டிசம்பர் முதல் வாரம் மில் ஓட வேண்டும். ஆகவே நவம்பர் 20-க்குள் பதில் எதிர்பார்க்கிறேன். ஷாஃப்ட் நான்கையும் சாக்கட்டிக் கோடு அழியாமல் பட்டறையில் தனியாக வைத்திருக்கிறேன். ஆள் அனுப்பி, வெட்டிப் பார்க்க வேண்டுமானாலும் பாருங்கள்.

இப்படிக்கு,
லேத் பட்டறை உரிமையாளர்
யாங்கோன், நவம்பர் 12