புருஷன் ஓடிபி இல்லாத பெண்களுக்கும் வழி விடுங்கள்

மகாராஷ்டிர மகளிர், குழந்தைகள் நலத்துறை அமைச்சர் அவர்களுக்கு,

தாராவியிலிருந்து வணக்கம்.

பெண்களுக்கு மாதம் 1,500 ரூபாய் தரும் ‘லாட்கி பஹின்’ திட்டத்தின் இ-கேஒய்சி (ஆதார் வழி அடையாளச் சரிபார்ப்பு) பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2025 செப்டம்பர் அரசாணை உங்கள் துறையுடையதுதான். பெண்ணின் ஆதாருக்கு ஒரு ஓடிபி. கணவன் அல்லது தகப்பன் ஆதாருக்கு இன்னொன்று. விதவைகளும் விவாகரத்தானவர்களும் சான்றிதழை அங்கன்வாடியில் கொடுக்கலாம் என்று பிறகு வழி விட்டீர்கள், நன்றி. விட்டுவிட்டு ஓடிப்போனவனுக்கு எந்த ஆபீசில் சான்றிதழ் வாங்குவது?

எங்கள் சந்தில் முறுக்குப் பிழியும் அக்கா ஒருவர். புருஷன் வேறொருத்தியோடு போய் வருஷக்கணக்காகிறது. சாகவும் இல்லை, கோர்ட்டில் தீர்த்துக்கொள்ளவும் இல்லை. அப்பா திருநெல்வேலியில் 2004லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். ஆதார் வந்ததே 2010இல். கடைசியில் மானத்தை விட்டு, மாவு ஒட்டிய கையோடு அவனுக்கே போன் போட்டார். அவன் சொன்னது ஸ்பீக்கரில் என் காதிலும் விழுந்தது: “நம்பர் சொல்றேன், மாசம் ஐந்நூறு ஜிபே பண்ணிடு.” அக்கா பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டு அடுத்த ஈடு எண்ணெயில் போட்டார். கெடு தாண்டியது, பணம் நின்றது. ஆண்டுதோறும் இ-கேஒய்சி செய்ய வேண்டும் என்கிறது அதே அரசாணை. ஓடிப்போனவர்களுக்கும் ஒரு நலத்திட்டம் போலிருக்கிறது.

கைவிடப்பட்ட பெண்ணுக்கும் இந்த 1,500 ரூபாய் உண்டு என்று 2024இல் திட்டம் தொடங்கும்போதே எழுதியிருக்கிறீர்கள். புதிதாக எதுவும் கேட்கவில்லை. அவளுடைய ஆதாரும் அங்கன்வாடி ஊழியர் நேரில் விசாரித்துத் தரும் கையெழுத்தும் போதும் என்று ஓர் உத்தரவு போடுங்கள்.

2024 மே முதல் பிறந்த குழந்தைகளுக்கு அரசு ஆவணங்களில் தாயின் பெயரையும் கட்டாயமாக்கிய அரசு இது. நாங்களும் சந்தோஷப்பட்டோம். பணம் என்றால் மட்டும் ஆம்பளை போன் அடிக்க வேண்டுமா? இதே திட்டத்தில் 14,000க்கும் மேற்பட்ட ஆண்கள் பணம் வாங்கியதாகப் பேப்பரில் படித்தோம். அவர்களிடம் யாருடைய ஓடிபி கேட்டீர்கள்? மாதப் பணத்தை உயர்த்தித் தருவதாகத் தேர்தலில் சொன்ன 2,100 ரூபாய்... சரி, அதை இப்போது எடுக்கவில்லை.

வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் தாயே. அடுத்த இ-கேஒய்சி தொடங்கும் முன், புருஷனின் ஓடிபி இல்லாமலே இவர்கள் பதிய ஓர் உத்தரவு வேண்டும். நின்றுபோன மாதங்களின் பணத்தையும் சேர்த்துக் கொடுக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தாராவித் தமிழ்ப் பெண் ஒருத்தி