பெங்களூரு ஆசியக் கோப்பை: எங்கள் மாணவிகளை அனுப்பி வைத்தவர்களுக்கு நன்றி மடல்

ஆகஸ்ட் 2017

அன்புடையீர், வணக்கம்.

கடந்த ஜூலை 23 முதல் 29 வரை பெங்களூருவில் நடைபெற்ற மகளிர் ஆசியக் கோப்பைக் கூடைப்பந்துப் போட்டியின் கடைசி நாள் ஆட்டங்களை எங்கள் பள்ளி அணி மாணவிகள் நேரில் கண்டு, நலமாக ஊர் திரும்பியிருக்கிறார்கள். சேலம் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியிலிருந்து இப்படியொரு பயணம் புறப்பட எத்தனை பேர் கைகொடுக்க வேண்டியிருந்தது என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். ஒவ்வொருவரையும் நேரில் கண்டு நன்றி சொல்வதே முறை. ஆனால் உதவியவர்களில் பலர் பெங்களூருவில் இருக்கிறார்கள். சிலரிடம் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளாமல் பிரிந்துவிட்டோம். உள்ளூர்க்காரர்களோ தங்கள் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். ஆகவே பெயர் இல்லாமலே நன்றி சொல்கிறேன்; உரியவர்களுக்குத் தெரியும்.

முதல் நன்றி பெற்றோருக்கு. பெண்பிள்ளையை வெளிமாநிலத்துக்கு அனுப்புவது, அதுவும் ஓர் இரவு தங்கும்படி அனுப்புவது, அதுவும் விளையாடுவதற்காக அல்லாமல் பிறர் விளையாடுவதைப் பார்ப்பதற்காக அனுப்புவது எங்கள் ஊரில் எளிதான காரியம் அல்ல. பெற்றோர் கூட்டத்தில் ஒரு தந்தை, "டி.வி.யில் பார்த்தால் ஆகாதா, டீச்சர்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. தொலைக்காட்சியில் கேமரா பந்தின் பின்னாலேயே ஓடுகிறது. பந்து கையில் இல்லாத மற்ற நால்வர் என்ன செய்கிறார்கள் என்பது அதில் பாதிக்குமேல் தெரிவதில்லை. தடுப்பாளரின் பாதையில் நின்று திரை போட்டுத் தோழிக்கு வழி விடுவது, வலைக்கடியில் எதிராளியை முதுகால் தடுத்து, கூடையில் விழாமல் திரும்பும் பந்துக்கு (ரீபவுண்டு) இடம்பிடிப்பது, பந்து வராது என்று தெரிந்தும் மூலைக்கு ஓடி ஒரு தடுப்பாளரைத் தன்னோடு இழுத்துச் செல்வது ஆகியவைதான் எங்கள் மாணவிகளுக்கு நான் வருடக்கணக்காகச் சொல்லியும் பிடிபடாதவை. இதைச் சொன்னதும் அவர் மறுபேச்சுப் பேசவில்லை. அதோடு, தமக்குத் தெரிந்தவரின் வேனைக் குறைந்த வாடகைக்குப் பேசி முடித்துக் கொடுத்தவரும் அவரேதான்.

அனுமதிக் கடிதங்களைத் தாமதமின்றிக் கையெழுத்திட்டு வாங்கித் தந்த தலைமையாசிரியைக்கும், மாணவிகளோடு உடன்வந்த இரு ஆசிரியைகளுக்கும், ஓசூர்ச் சாலையின் நெரிசலில் பொறுமை இழக்காத ஓட்டுநருக்கும், செலவுக்குப் பணம் தந்த கடைவீதி வணிகர்களுக்கும் முன்னாள் மாணவிகளுக்கும் நன்றி. வெள்ளிக்கிழமை இரவு அல்சூரில் தம் வீட்டுக் கூடத்தையும் மாடியையும் ஒழித்துக் கொடுத்து, காலையில் பொங்கலும் கொத்சும் பரிமாறிய எங்கள் ஊர்க்காரக் குடும்பத்துக்கு வெறும் நன்றி போதாது என்றாலும், இப்போதைக்கு அதைச் சொல்லி வைக்கிறேன்.

அரங்கில் எங்களுக்குக் கிடைத்த உதவியைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எங்களுக்கு முன்வரிசையில் ஒரு பெரியவர் அமர்ந்திருந்தார். பல ஆண்டுகள் கூடைப்பந்து ஆட்டங்களில் மேசை அலுவலராக, அதாவது ஆட்டத்தின் கணக்கையும் நேரத்தையும் குறிப்பவராக, இருந்து ஓய்வுபெற்றவர், தமிழர். மாணவிகளின் சத்தத்தைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தவர், எங்கிருந்து வருகிறோம் என்று விசாரித்துவிட்டுத் தம் பையிலிருந்து வெற்று ஸ்கோர் ஷீட் தாள்களையும், ஒரு சிவப்புப் பேனாவையும் ஒரு நீலப் பேனாவையும் எடுத்துக் கொடுத்தார். முதல், மூன்றாம் கால்பகுதிகளைச் சிவப்பிலும், இரண்டாம், நான்காம் கால்பகுதிகளைக் கருமையிலோ நீலத்திலோ குறிக்க வேண்டும் என்பதையும், இரண்டு புள்ளிக் கூடைக்குச் சாய்கோடு, ஃப்ரீ த்ரோவுக்கு (எதிரணியின் தவறுக்காகத் தரப்படும் ஒரு புள்ளி எறிதலுக்கு) நிரப்பிய புள்ளி, மூன்று புள்ளிக் கூடைக்கு வீராங்கனையின் எண்ணைச் சுற்றி வட்டம் என்பதையும் அவர் சொல்லிக் கொடுத்தபோது, அணியிலேயே அதிகம் கத்தக்கூடிய ஒன்பதாம் வகுப்பு மாணவி கத்துவதை நிறுத்திவிட்டு எழுத உட்கார்ந்தாள். இந்தியா–கஜகஸ்தான் ஆட்டம் முடிந்தபோது அவள் தாளில் இந்தியாவின் கணக்கு 74 என்று நின்றது, பலகையில் 75. விடுபட்டது ஒரு ஃப்ரீ த்ரோ என்பதை அவரே விரல் வைத்துக் காட்டினார். அதிகாரபூர்வமான தாளில் மூலம் வெள்ளை என்றும், நகல்களில் நீலம் போட்டி நடத்துவோருக்கும், இளஞ்சிவப்பு வென்ற அணிக்கும், மஞ்சள் தோற்ற அணிக்கும் போகும் என்றும் அவர்தான் சொன்னார். தோற்றவர்களும் தங்கள் கணக்கைக் கையோடு கொண்டுபோக வேண்டும் என்று விதி எழுதியவர் யாரோ, அவர் நல்ல ஆசிரியராக இருந்திருக்க வேண்டும்.

ஐயா, உங்கள் தாள்களில் மீதமிருந்ததை நகலெடுத்து இப்போது ஒவ்வொரு பயிற்சி ஆட்டத்துக்கும் பயன்படுத்துகிறோம். விளையாட முடியாத நாட்களில் ஓரமாக உட்கார்ந்திருக்கும் மாணவிக்கு இனி வேலை இருக்கிறது.

ஆட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. இந்தியா இம்முறை கீழ்நிலையான இரண்டாம் பிரிவில் ஆடியது. அப்பிரிவின் இறுதி ஆட்டத்தில் கஜகஸ்தானை 75–73 என்று வென்று முதல் பிரிவுக்கு ஏறியிருக்கிறது. இரண்டு புள்ளி என்பது ஒரே ஒரு கூடை. கடைசி நிமிடங்களில் எங்கள் வரிசையில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை; முன்பின் தெரியாத கன்னடக் குடும்பங்கள் எங்கள் பிள்ளைகளின் தோளைப் பிடித்துக்கொண்டு கூச்சலிட்டார்கள். அந்த அரவணைப்புக்காகப் பெங்களூரு ரசிகர்களுக்கு நன்றி. அணித்தலைவி அனிதா பால்துரைக்கும், ஷிரீன் லிமாயே, ஜீனா, ஸ்டெஃபி நிக்சன் உள்ளிட்ட வீராங்கனைகள் அனைவருக்கும், பயிற்சியாளர் ஸோரன் விசிச்சுக்கும் எங்கள் பள்ளியின் நன்றி. அனிதா சென்னைப் பெண். ஒன்பது ஆசியக் கூடைப்பந்துப் போட்டிகளில் இந்தியாவுக்காக ஆடியவர். தாயான பின்னும் களத்துக்குத் திரும்பியவர். பத்தாம் வகுப்போடு விளையாட்டு போதும் என்று சொல்லும் வீடுகளுக்கு நான் இனி வேறு விளக்கம் சொல்லத் தேவையில்லை.

அதே மூச்சில் ரயில்வே துறைக்கும் நன்றி சொல்ல விரும்புகிறேன். அனிதா பணியாற்றுவது தெற்கு ரயில்வேயில். இந்நாட்டில் மகளிர் கூடைப்பந்து பிழைத்திருப்பதற்குப் பதக்கங்களைவிட விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைகளே பெரிய காரணம் என்பது என் எண்ணம். ரயில்வே அணி தேசியப் போட்டிகளில் ஆண்டுக்கணக்காக ஓங்கியிருப்பது சிலருக்குச் சலிப்பாக இருக்கலாம். மாதச் சம்பளம் இருப்பதால்தான் ஒரு பெண் முப்பது வயதிலும் பயிற்சிக்குப் போக முடிகிறது என்பதை அவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

முதல் பிரிவின் இறுதிப் போட்டியில் ஜப்பான் ஆஸ்திரேலியாவை 74–73 என்று வென்றது. ஆஸ்திரேலியா இப்போட்டியில் பங்கேற்றது இதுவே முதல் முறை. ஜப்பானுக்கோ இது தொடர்ந்து மூன்றாவது கோப்பை. உயரத்தில் எட்ட முடியாத ஓர் அணியை ஓட்டத்தாலும் வேகமான பாஸ்களாலும் மூன்று புள்ளி வளைவுக்கு வெளியிலிருந்து எறிந்த பந்துகளாலும் சமாளித்ததைக் குள்ளமான எங்கள் பிள்ளைகள் வாய்பிளந்து பார்த்தார்கள். வீராங்கனை ஒருவர் விழுந்தெழுந்தவுடன் துடைப்பத்தோடு ஓடிவந்து, வியர்வை ஈரத்தைத் துடைத்துவிட்டு ஆட்டம் தொடங்குவதற்குள் மறைந்துவிடும் தன்னார்வலர்களையும் அவர்கள் கவனித்தார்கள். போட்டியைச் சிறப்பாக நடத்திய இந்தியக் கூடைப்பந்துக் கூட்டமைப்புக்கும், கர்நாடக மாநிலக் கூடைப்பந்துச் சங்கத்துக்கும், அந்தத் தன்னார்வலர்களுக்கும் நன்றி. 2009-இல் சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் இதே ஆசியப் போட்டி நடந்து சீனா வென்றது; அதுபோல மீண்டும் ஒருமுறை தமிழ்நாட்டுக்கு இப்போட்டியைக் கொண்டுவர வேண்டும் என்பதைக் கோரிக்கையாகவும் வைக்கிறேன்.

ஊர் திரும்பிய மறுவாரமே மாணவிகள் ஒரு காரியம் செய்தார்கள். எங்கள் சிமெண்ட் ஆடுகளத்தில் மூன்று புள்ளிக் கோடு இன்னும் பழைய 6.25 மீட்டரில்தான் இருந்தது. வலைக்கடியில் உள்ள கட்டமும் 2010-இல் விதி மாறுவதற்கு முந்தைய சரிவக வடிவில்தான் இருந்தது. பெங்களூருவில் கோடு தள்ளியிருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தவர்கள், 6.75 மீட்டருக்குக் கயிறு கட்டி, சுண்ணாம்புத் தூளால் வளைவைப் போட்டு எறிந்து பார்த்தார்கள். முதல் நாள் பெரும்பாலான பந்துகள் வளையத்தைத் தொடவே இல்லை. இதைப் பார்த்த உள்ளூர்ப் பெயிண்டர் ஒருவர், கூலி வாங்காமல் ஞாயிற்றுக்கிழமையில் வந்து, பழைய கோடுகளை அழித்து, புதிய வளைவையும் செவ்வகக் கட்டத்தையும் வரைந்து கொடுத்தார். அவருக்கும், பெயிண்டைப் பாதி விலைக்குத் தந்த கடைக்காரருக்கும் நன்றி.

பயணத்துக்காகத் திரட்டிய தொகையில் மீதி இருந்ததைக் கொண்டு அந்தப் பெயிண்டும், மகளிர் ஆட்டத்துக்குரிய 6-ஆம் எண் பந்துகளும் வாங்கப்பட்டன. வரவு செலவு விவரமும் ரசீதுகளும் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டுள்ளன. பணம் தந்தவர்கள் வேலை நேரத்தில் வந்து பார்க்கலாம். பந்துகளுக்குக் காற்றடிக்கும் பம்பு ஒன்று மட்டும் பழுதாகிக் கிடக்கிறது. யாரிடமாவது உபரியாக இருந்தால் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
உடற்கல்வி ஆசிரியை