பேத்திக்கு ஒரு புத்தகம்

அன்பு நண்பா,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். முழங்கால்தான் அவ்வப்போது மக்கர் பண்ணுகிறது.

பேத்திக்கு மந்திரக் கதைகள் அலுத்துவிட்டன, சரித்திரம் கலந்த சாகசக் கதையாக ஒன்று சொல் என்று கேட்டிருந்தாய். யோசிக்காமல் சொல்வேன், ஸ்காட்லாந்து எழுத்தாளர் ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சனின் ‘கிட்நாப்டு’. எல்லோரும் அவருடைய ‘டிரெஷர் ஐலண்ட்’டைத்தான் கையில் கொடுப்பார்கள். அதுவும் நல்ல கதைதான், ஆனால் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுக்கு ‘கிட்நாப்டு’வில்தான் யோசித்துப் பார்க்க ஏதாவது இருக்கிறது. 1886இல் சிறுவர் பத்திரிகை ஒன்றில் தொடராக வந்தது.

கதை நடப்பது 1751இல், ஸ்காட்லாந்தில். அப்பாவை இழந்த டேவிட் பால்ஃபர் என்ற பதினேழு வயதுப் பையன் சித்தப்பாவைத் தேடிப் போகிறான். அந்தக் கஞ்சன் இவனைக் கப்பல்காரனுக்கு விற்றுவிடுகிறான், அமெரிக்காவில் கொண்டுபோய்த் தள்ளிவிடச் சொல்லி. அந்தக் கப்பலில்தான் ஆலன் பிரெக்கைச் சந்திக்கிறான். டேவிட் ஜார்ஜ் மன்னரின் பக்கம். ஆலனோ பறிபோன அரியணையை ஸ்டூவர்ட் வம்சத்துக்கே மீட்கக் கிளம்பி, 1746இல் கலோடன் போரில் தோற்ற கட்சிக்காரன், தலைக்கு விலை இருப்பவன். ஆலனின் ஊர் மக்கள் மன்னருக்கு ஒரு குத்தகை கொடுத்துவிட்டு, பிரான்சுக்குத் தப்பிப்போன தங்கள் தலைவனுக்கும் ரகசியமாக இன்னொன்று அனுப்புகிறார்கள். அதை வசூலித்துக்கொண்டு போகத்தான் ஆலன் வந்து போகிறான். இரண்டு பேருமே தங்கள் பக்கத்தைக் கடைசிவரை விடுவதில்லை. யார் பக்கம் நியாயம் என்று ஸ்டீவன்சன் தீர்ப்பு சொல்வதும் இல்லை. அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

ஆலன் நிஜ ஆள். 1752 மே மாதம் காலின் கேம்பெல் என்ற அரசாங்க நில மேலாளரை அப்பின் பகுதியில் யாரோ சுட்டுக் கொன்றார்கள். (நாவலுக்காக ஸ்டீவன்சன் அதை ஒரு வருஷம் முன்னால் தள்ளிக்கொண்டார்.) பழி ஆலன் மேல் விழுந்தது, ஆள் அகப்படவில்லை. உடந்தை என்று ஆலனின் உறவினர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டைத் தூக்கில் போட்டார்கள். ஜூரிகள் 15 பேரில் 11 பேர் கேம்பெல்கள், தலைமை நீதிபதியும் கேம்பெல் குலத் தலைவரே. விசாரணை எப்படி நடந்திருக்கும் என்று நீயே பார்த்துக்கொள். ‘கத்ரியோனா’ என்ற இரண்டாம் பாகத்தில் டேவிட் அந்த வழக்கில் சாட்சி சொல்லப் போராடுவதுதான் முதல் பாதி.

எர்ரெய்ட் அத்தியாயம் வரும்போது அவள் பக்கத்தில் இரு. கப்பல் உடைந்து டேவிட் எர்ரெய்ட் என்ற தீவில் ஒதுங்குகிறான். பச்சைச் சிப்பியைத் தின்று, வாந்தி எடுத்து, மழையில் நனைந்து நாட்களைக் கழிக்கிறான். அப்புறம் படகில் போகும் மீனவர்கள் இவனைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். கடல் வற்றும் நேரத்தில் அங்கிருந்து நடந்தே கரைக்குப் போய்விடலாம்! வேறு எந்தச் சாகசக் கதாசிரியர் தன் நாயகனை இப்படி முட்டாளாக்கிக் காட்டுவார்? அந்த இடம் ஸ்டீவன்சனுக்கு நேரில் தெரியும். அவர் வீட்டார் கலங்கரை விளக்கம் கட்டும் பொறியாளர்கள். டூ ஆர்டாக் கலங்கரை விளக்கத்துக்கு எர்ரெய்டில்தான் கல் செதுக்கினார்கள். இவரும் 1870இல் அங்கே போய்த் தங்கியிருக்கிறார்.

சுருக்கப் பதிப்பு மட்டும் வேண்டாம். துரத்தலையும் வாள் சண்டையையும் வைத்துக்கொண்டு, நண்பர்கள் முறைத்துக்கொள்ளும் பகுதியைக் குறைத்துவிடுகிறார்கள். டேவிட் காய்ச்சலில் கிடக்கும்போது ஆலன் அவன் பணத்தை வாங்கிச் சீட்டாடித் தோற்கிறான். அப்புறம் இருவரும் மலைமலையாக ஒரு வார்த்தை நல்லதாகப் பேசாமல் நடக்கிறார்கள். கடைசியில் டேவிட் வாளை உருவ, ஆலனும் உருவுகிறான், ஆனால் இவன் மேல் அதை ஓங்க முடியாமல் கீழே எறிந்துவிடுகிறான். இந்த இடத்துக்காகவே முழுப் புத்தகமும் வேண்டும். நமக்கே தெரியாத சங்கதியா இது!

ஒரு சிக்கல் உண்டு. உரையாடலில் ஸ்காட்லாந்துப் பேச்சுவழக்கு நிறைய வரும். அகராதியைத் தேட விடாதே, தாண்டிப் போகச் சொல், இரண்டு அத்தியாயத்தில் பழகிவிடும். படம் போட்ட பதிப்பு கிடைத்தால் வாங்கு, ஹைலாண்ட்ஸ் என்கிற ஸ்காட்லாந்து மலைப்பகுதியின் வரைபடம் இருந்தால் இன்னும் நல்லது. அவர்கள் ஓடிய வழியைப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே படிக்கலாம்.

இது பிடித்துப்போனால் ரோஸ்மேரி சட்கிளிஃப் எழுதியதைச் சொல்கிறேன், அது ரோமானியர் காலத்து பிரிட்டன். இப்போதைக்கு இது போதும். பொங்கலுக்கு வருகிறாயா, இல்லையா? டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், பார்த்துக்கொள். அம்மாவுக்கு என் வணக்கம்.

உன் பழைய நண்பன்